மேஜை மேல் ஒரு யானைத் தீனி

ஆபீஸில் என் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் பாட்டில், மூடி தொலைந்த நாலு பேனா, ஒரு செடி ஆகியவை இருக்கின்றன. இவற்றில் ஒழுங்காக வேலை பார்ப்பது செடி மட்டும்தான்.

செடி வந்த கதை சுருக்கமானது. இன்க்ரிமென்ட் சீசன். எல்லோரும் மானேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து சீட் அண்ணன் என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"தம்பி, மேஜையில ஒரு ஜேட் செடி வெச்சுப் பாரு. பணம் கொட்டும்."

"நீங்க வெச்சிருந்தீங்களாண்ணே?"

"வெச்சேனே! ஒரே மாசத்துல பர்சனல் லோன் சாங்ஷன் ஆச்சு."

கடன் வாங்குவதையும் பண வரவில் சேர்க்கிற அந்த நல்ல மனசுக்காகவே அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. அன்று சாயங்காலமே, வீட்டுக்குப் போகும் வழியில் ரோட்டோர நர்சரி ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். "ஜேட் இருக்கா?" என்றேன். "இருக்கு சார்" என்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். சிவந்த தண்டு. அதில் ஜோடி ஜோடியாக, பச்சை வேர்க்கடலைப் பருப்பைத் தட்டி வைத்த மாதிரி குண்டு குண்டு இலைகள். செடி நூற்றைம்பது ரூபாய். வெள்ளைப் பீங்கான் தொட்டி இருநூறு. செடியை விட சட்டிக்கு விலை அதிகம். மாப்பிள்ளையை விட மாப்பிள்ளை கோட்டுக்கு வாடகை அதிகம் என்கிற மாதிரி.

அன்றிலிருந்து நான் அந்தச் செடிக்கு அடிமை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு மூடி ஊற்றுவேன். இரண்டே வாரத்தில் இலை மஞ்சளாகி, தொட்டால் உதிர ஆரம்பித்தது. "பாசம் பத்தலை போல" என்று இன்னொரு மூடி சேர்த்து ஊற்றினேன். பொங்கலுக்கு ஆபீஸ் நாலு நாள் லீவு. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செத்துப் போய்விடுமே என்று தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை ஏழு மணி. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து என் மனைவியின் குரல்.

"என்னங்க! ஓடி வாங்க! பாப்பா என்னத்தையோ மெல்றா!"

ஓடினேன். இரண்டரை வயது மகள், தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இரண்டு இலை. வாயோரம் பச்சை. விரலை விட்டுத் துழாவினால் அரை இலைதான் வெளியே வந்தது. மிச்சம் உள்ளே போய்விட்டது. எத்தனை போயிற்று என்று தெரியவில்லை.

"புளிப்பா இருக்குப்பா" என்றாள், ஏதோ புது மிட்டாயைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற மாதிரி.

அடுத்த பத்தாவது நிமிஷம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பொங்கல் நாளிலும் கதவைத் திறந்து வைத்திருந்த புண்ணியவான். குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன செடி சார்?"

"ஜேட், டாக்டர்."

"ஜேட்னா?"

"பணம் வர்ற செடி, டாக்டர்."

"அது பேர் இல்ல சார், வேண்டுதல். செடியோட பேர் என்ன?"

நான் ஙே என்று விழித்தேன்.

"கிள்ளினா பால் வருமா?"

"கவனிக்கலை டாக்டர்."

"சதைப்பிடிப்பான செடின்னா எல்லாம் ஒண்ணு இல்ல சார். பால் வடியற கள்ளி ஜாதின்னா வாய், தொண்டையெல்லாம் எரிஞ்சு புண்ணாயிடும். கண்ணுல பட்டா அதை விட மோசம். குழந்தையைத் தூக்கிட்டு வந்தீங்களே, கூடவே செடியில ஒரு கிளையை ஒடிச்சுட்டு வந்திருக்க வேண்டாமா?"

குழந்தையோ அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. வாந்தி, மயக்கம் ஏதாவது இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. முதல்ல அது என்ன செடின்னு கண்டுபிடிங்க" என்று அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்போனில் 'ஜேட்' என்று போட்டுத் தேடினேன். நாய்க்கு ஆகாது, பூனைக்கு ஆகாது என்று வந்தது. என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்:

"நம்ம பொண்ணு நாயும் இல்ல, பூனையும் இல்ல. அப்ப இதுக்கு என்னங்க அர்த்தம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று மாதமாகத் தினமும் எட்டு மணி நேரம் என் முகத்துக்கு எதிரே இருந்த ஒரு ஜீவன். அதன் பெயர் கூட எனக்குத் தெரியாது!

அப்போதுதான் கீழ் வீட்டு புரொபசர் சார் ஞாபகம் வந்தது. கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் நடத்தி ரிடையரானவர். இத்தனை நாள் அவரிடம் நான் பேசியதெல்லாம் மோட்டார் போடுவது, தண்ணீர் லாரி வருவது பற்றி மட்டும்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி.

புரொபசர் ஒரு லென்ஸை எடுத்து வந்தார். ஒரு சின்னக் கிளையைப் பட்டென்று ஒடித்தார். வெட்டிய இடத்தில் பால் இல்லை. தண்ணீர்தான் கசிந்தது. சிவந்த தண்டை விரலால் வளைத்துப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளித் தன் சுண்டு விரல் நகத்தோடு வைத்து அளந்தார். அப்புறம் அவர் செய்த காரியம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட வைத்தது. அந்த இலையை வாயில் போட்டு மென்றார்!

"சார்!" என்று கத்தியேவிட்டேன்.

"பயப்படாதே தம்பி. யானையே கட்டுக் கட்டாத் தின்கிறது. நான் ஒரு இலை தின்னா என்ன?"

"யானையா?"

"இது ஜேட் இல்லப்பா. இதோட பேர் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவில் 'ஸ்பெக்பூம்' என்பார்கள். யானைக்குப் பிடிச்ச தீனி. மனுஷங்களும் சாலட்ல போட்டுத் தின்கிறாங்க. உன் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

என் மனைவி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். புரொபசர் இன்னும் மென்றுகொண்டிருந்தார். பிறகு குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "இவ காலையில தின்னாளா? ரொம்பப் புளிச்சிருக்குமே?" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எப்போது தின்றாள் என்பதையும் சொல்லவில்லை, புளித்தது என்பதையும் சொல்லவில்லை! ஜோசியர் கெட்டார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"நீ அக்கவுண்ட்ஸ்தானே? அப்ப உனக்குச் சுலபமாப் புரியும்" என்று ஆரம்பித்தார்.

சாதாரணச் செடிகளுக்கு டே ஷிஃப்ட். வெயில் நேரத்தில் இலையிலுள்ள நுண்ணிய துளைகளைத் திறந்து வைத்து, காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி உணவு தயாரிக்கும். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீரும் ஆவியாகி வெளியே போய்விடும். வறண்ட பூமியில் இது கட்டுப்படியாகுமா? ஆகவே சில செடிகள் நைட் ஷிஃப்ட் பார்க்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த நேரத்தில் திறந்து கரியமில வாயுவை வாங்கும். வெளிச்சம் இல்லாததால் உடனே சமைக்க முடியாது. அதனால் வாங்கியதை ஒரு அமிலமாக மாற்றி இலைக்குள் டெபாசிட் போட்டு வைக்கும். ஆப்பிளுக்குப் புளிப்பு தருகிற அதே மாலிக் அமிலம். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த டெபாசிட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சமைக்கும். எனவே காலையில் இலை புளிக்கும். சாயங்காலம் சப்பென்று இருக்கும்.

"உன் செடி இன்னும் கெட்டிக்காரி. நல்லாத் தண்ணி கிடைச்சா டே ஷிஃப்ட். காய்ஞ்சு போனா நைட் ஷிஃப்ட். நிலைமைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கும்."

நம் ஆபீஸில் ஷிஃப்ட் மாற்றச் சொன்னால் யூனியன் மீட்டிங் போடுவார்கள். இது சத்தமே இல்லாமல் மாற்றிக்கொள்கிறது.

இந்தக் காலைப் புளிப்பை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் நம் ஊரோடு சம்பந்தப்பட்டவர் என்றார் புரொபசர். பெஞ்சமின் ஹேய்ன் என்ற ஜெர்மன்காரர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானவர். நோட்டுப் புத்தகத்துக்குள் இலையை வைத்தால் ஓரமெல்லாம் குட்டிச் செடி முளைக்குமே, ரணகள்ளி என்று நாம் சொல்வது, அதன் இலையைக் காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் மென்று பார்த்தார். காலையில் புளித்தது. மத்தியானம் ருசியே இல்லை. சாயங்காலம் லேசாகக் கசந்தது. இதை லண்டனுக்குக் கடிதமாக எழுத, 1815-ல் அங்கே அச்சில் வந்தது. ஹேய்ன் 1819-ல் சென்னையிலேயே காலமானார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம், இந்தியாவில் ஒருவர் இலையை மென்று சொன்னது. என் மகளும் கிட்டத்தட்ட அதே ஆராய்ச்சியைத்தான் செய்திருக்கிறாள். என்ன, கடிதம் எழுதவில்லை.

"அப்ப நர்சரிக்காரர் என்னை ஏமாத்திட்டாரா சார்?" என்றேன்.

"அவரைத் திட்டாதே. நம்ம ஊர்ல பல நர்சரியில இதையும் ஜேட்னுதான் விக்கறாங்க. இந்தச் செடி விஷயத்துல லின்னேயஸே தடுமாறினார்."

லின்னேயஸ் என்றால் சாமானியர் இல்லை. ஸ்வீடன் தேசத்து மேதை. 1753-ல் அவர் போட்ட புத்தகத்திலிருந்துதான் இன்று உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் எண்ணப்படுகிறது. முதல் சொல் நம் இனிஷியல் மாதிரி எந்தப் பேரினம் என்று சொல்லும். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்று சொல்லும். அந்த மேதை இந்தச் செடிக்கு முதலில் வைத்த பெயர் கிராசுலா போர்ச்சுலகேரியா. அசல் ஜேட் இன்று இருப்பது அதே கிராசுலா பேரினத்தில்தான்! அதாவது நம் ரோட்டோர நர்சரியும் லின்னேயஸும் இந்தச் செடியைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஏறக்குறைய ஒன்றே.

குண்டு இலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் செடிக்கு இலை என்பது சட்டை மாதிரி. வறண்ட ஊரில் வாழ்கிற எந்தக் குடும்பத்துச் செடியும் தண்ணீர் சேர்த்து வைக்க அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளும். ஜாதகம் இருப்பது பூவில். புரொபசர் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு பூ வரைந்தார். அசல் ஜேட் பூவில் எல்லாம் ஐந்து. வெளியே ஐந்து புல்லிதழ், உள்ளே ஐந்து இதழ், ஐந்து மகரந்தக் காம்பு, நடுவில் ஐந்து சூலகம். ஐந்தாம் வாய்ப்பாடு! நம் செடியின் பூ பொடிப் பொடியாக, இளஞ்சிவப்பு நட்சத்திரம் மாதிரி கொத்தாகப் பூக்கும். அதிலும் இதழ் ஐந்துதான். ஆனால் வெளியே புல்லிதழ் மாதிரி இருப்பது இரண்டே இரண்டு. காய்க்குள் ஒரே ஒரு விதை.

இந்த இரண்டு புல்லிதழ் அடையாளம் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு இடத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் காலையில் பூத்து மத்தியானம் வாடுகிற டேபிள் ரோஸ், கூட்டு வைக்கிற பருப்புக்கீரை. இரண்டும் போர்ச்சுலகா. லின்னேயஸ் பிற்பாடு நம் செடியை கிராசுலாவிலிருந்து எடுத்து, இந்தச் சொந்தங்களுக்குப் பக்கத்தில் கிளேட்டோனியா என்ற பேரினத்தில் சேர்த்தார். அதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வியன்னாவில் இருந்த ஜாக்குவின் என்ற தாவரவியலாளர், 1787-ல் 'இதற்குத் தனி வீடுதான் சரி' என்று போர்ச்சுலகேரியா ஆஃப்ரா என்று பெயர் வைத்தார். போர்ச்சுலகா மாதிரி இருக்கிற, ஆப்பிரிக்காக்காரி என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அசல் ஜேட்டுக்கும் இந்தக் கதி உண்டு. 1768-ல் லண்டன் தோட்டக்காரர் மில்லர் அதை கோட்டிலெடன் ஓவேட்டா என்றார். பழைய புத்தகங்களில் கிராசுலா அர்ஜென்டியா என்று இருக்கும். இப்போது கிராசுலா ஓவேட்டா. இரண்டு செடிக்கும் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மாதிரி சட்டை, உறவு மட்டும் கிடையாது.

யானைக் கதையைக் கேட்காமல் எழுந்து வர முடியுமா? என் மகள் 'ஆனை' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து புரொபசர் மடியை விட்டு இறங்கவில்லை.

என் மேஜையில் ஒரு சாண் உயரம் நிற்கிற இந்தச் செடி, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் இரண்டு ஆள் உயரப் புதர். ஸ்பெக்பூம் என்றால் கொழுப்பு மரம் என்று அர்த்தம். அங்கே ஆடோ என்ற இடம். 1919-ல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் யானைத் தொல்லை தாங்கவில்லை என்று புகார் செய்ய, பிரிட்டோரியஸ் என்ற வேட்டைக்காரரை அரசாங்கம் அமர்த்தியது. ஒரு வருஷ அளவில் அவர் நூறு யானைகளுக்கு மேல் சுட்டுத் தள்ளினார். 1931-ல் அங்கே தேசியப் பூங்கா அமைத்தபோது மிஞ்சியிருந்தவை பதினொன்று. பதினொன்றே பதினொன்று! வேலி போட்டால் யானை தள்ளிக்கொண்டு போகிறதே என்று, 1954-ல் ஆம்ஸ்ட்ராங் என்ற பூங்கா அதிகாரி டிராம் தண்டவாளத்தையும் லிஃப்ட் கம்பியையும் வைத்து வேலி கட்டினார். அதற்குப் பிறகுதான் யானைகள் நிலைத்தன. இப்போது அறுநூறுக்கு மேல். அந்த யானைகளுக்கு முக்கியத் தீனிகளில் ஒன்று இந்தச் செடி.

யானை தின்றால் செடி அழிந்து போகாதா? இங்கேதான் விசேஷம். யானை மேலிருந்து தின்னும். ஒடிக்கும்போது பாதி கீழே சிந்தும். சிந்திய கிளை மண்ணில் பட்ட இடத்தில் வேர் விடும். அடியில் தரையோடு பரவியிருக்கிற கிளைகளை அது தொடுவதில்லை. அவையும் வேர் விட்டுக்கொண்டே போகும். ஆக, யானை தின்னத் தின்னப் புதர் பரவும். ஆனால் ஆடு? அது கீழிருந்து தின்னும். பரவுகிற அடிக்கிளைகளையே மேய்ந்துவிடும். குடை மாதிரி மேல் பக்கம் மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் பட்டுப்போகும். ஆட்டு மந்தைகளை அளவுக்கு மீறி மேயவிட்டு அப்படிப் பொட்டலாகிப் போன நிலம் அங்கே ஏராளம். 2004 முதல் தென்னாப்பிரிக்க அரசு அந்த நிலங்களில் மறுபடியும் ஸ்பெக்பூம் நடுகிற திட்டத்தை நடத்தியது. நடுவது எப்படி? விதை வேண்டாம், நாற்று வேண்டாம். கிளையை வெட்டி மண்ணில் குத்த வேண்டியதுதான்.

மேலிடத்தில் இருப்பவர் தின்றால் கீழே கொஞ்சம் சிந்த வேண்டும், அடியில் இருப்பதைத் தொடக் கூடாது. இன்க்ரிமென்ட் சமயத்தில் இந்த நீதியை யாராவது எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நன்றாக இருக்கும்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது புரொபசர் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். பாடம் நடத்திய காலத்துக் குறிப்புகள். கோடு போட்ட தாளில் அழகான கையெழுத்து. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'குடும்பம்: போர்ச்சுலகேசியே' என்று எழுதி, கீழே நம் செடியின் பெயரும் இருந்தது. அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'டிடியேரியேசியே' என்று எழுதியிருந்தது.

"என்ன சார் இது? மறுபடியும் டிரான்ஸ்பரா?"

"பாகப் பிரிவினைப்பா" என்றார்.

பெந்தம், ஹூக்கர் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த வகைப்பாட்டைத்தான் நம் கல்லூரிகளில் நடத்துவார்கள். அதில் டேபிள் ரோஸ், பருப்புக்கீரை, நம் செடி எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். பிறகு டி.என்.ஏ. பரிசோதனை வந்தது. கூட்டுக் குடும்பத்தில் பாதிப் பேர் ஒட்டுறவே இல்லாதவர்கள் என்று தெரிந்தது. 2003-ல் ஆப்பிள்க்விஸ்ட், வாலஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள், நம் செடியை டிடியேரியேசியே என்ற வேறொரு குடும்பத்தில் சேர்த்தார்கள். 2009-ல் வெளிவந்த உலகளாவிய வகைப்பாட்டிலும் பாகப் பிரிவினை உறுதியானது. பழைய குடும்பத்தில் இப்போது போர்ச்சுலகா மட்டும் தனிக் குடித்தனம்.

புதுக் குடும்பத்தில் யார் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மடகாஸ்கர் தீவின் வறண்ட தெற்குப் பக்கத்தில், உடம்பெல்லாம் முள்ளாக, ஆக்டோபஸ் கைகளை நீட்டிய மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கிற மரங்கள்! அந்த முள் மரங்களின் மேல் லெமூர் என்கிற விலங்குகள் தாவி விளையாடுகின்றன. அந்த ராட்சசர்கள்தான் என் மேஜைக் குட்டிக்குப் பெரியப்பா, சித்தப்பா முறை.

"முப்பது வருஷம் தப்பான குடும்பத்துல வெச்சுப் பாடம் நடத்தியிருக்கேன்" என்றார் புரொபசர். குரலில் வருத்தமா, சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "ரிடையரான பிறகுதான் படிச்சேன். இனிமே யாருக்கு நடத்தப் போறோம்னு விட்டிருக்கலாம். மனசு கேக்கலை. ராத்திரியே எழுந்து நோட்டுல திருத்தினேன். இன்னிக்கு உன் பொண்ணு விஷயத்துல டக்குனு பேர் சொல்ல முடிஞ்சுதுல்ல, அது போதும்."

நான் பேசாமல் நின்றேன். யாரும் பார்க்காத நோட்டில், யாரும் கேட்காத தவறைத் திருத்தி வைத்திருக்கிறார் ஒரு மனிதர். நான் தப்பாகப் போட்ட வவுச்சரைக்கூட ஆடிட்டர் கண்டுபிடிக்கும்வரை தொடுவதில்லை.

படியேறும்போது புரொபசர் சொன்ன இரண்டு விஷயங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'ஜேட்' என்று போர்டு போட்டிருக்கிறதே என்று நம்பி எந்தச் செடியின் இலையையும் வாயில் வைக்காதீர்கள். "பேர் தெரிஞ்ச பிறகுதான் நான் மென்னேன். அதுக்கு முன்னாடி பால் வருதா, தண்டு என்ன, இலை என்னன்னு பார்த்தேன். வரிசை மாறக் கூடாது" என்றார். அசல் ஜேட்டின் இலை பெரிதாக, இரண்டு அங்குலம் வரைகூட இருக்கும். தண்டு தடித்து மொழுமொழு என்றிருக்கும். நம் செடிக்கு இலை நகம் அளவு, தண்டு மெலிந்து சிவப்பு. குழந்தை எதையாவது தின்றுவிட்டால் டாக்டரிடம் ஓடுங்கள். ஓடும்போது செடியில் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். "தினம் ஊத்தி ஊத்தி வேரை அழுக விட்டிருக்கே. மண் நல்லாக் காய்ஞ்ச பிறகு ஊத்து. வெயில் படற ஜன்னலோரம் வை. நாலு நாள் லீவுக்கு இதை மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தியே, வறட்சிக்குன்னே பொறந்த செடிப்பா இது!" பூக்குமா என்று கேட்டேன். தொட்டியில் பூப்பது அபூர்வம் என்றார். நம் செடியின் ஜாதகம் இப்போதைக்குக் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் ஓர் இலை மென்று பார்த்தேன். சப்பென்று இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொன்று. புளிப்பு சுள்ளென்று ஏறியது. நிஜமாகவே நைட் ஷிஃப்ட் பார்த்திருக்கிறது, பாவம்.

லீவு முடிந்து ஆபீஸ் போனதும் ஒரு சின்ன அட்டையில் 'போர்ச்சுலகேரியா ஆஃப்ரா, யானைத் தீனி' என்று எழுதித் தொட்டியில் செருகினேன். பக்கத்து சீட் அண்ணனுக்கு முகமே இல்லை.

"ஜேட் இல்லையா? அப்ப பணம்?"

"அண்ணே, உங்க மேஜையில இருந்தது சின்ன இலையா, பெரிய இலையா?"

"சின்ன இலைதான்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் பணம் வராம லோன் வந்திருக்கு."

ஒடித்த கிளைகளை இரண்டு நாள் நிழலில் காய வைத்து மூன்று தொட்டியில் நட்டேன். மூன்றும் பிடித்துக்கொண்டன. ஒன்று வீட்டில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். 'ஆனைச் செடி' என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் அறிமுகம் செய்து வைக்கிறாள். இன்னொன்று புரொபசர் வீட்டு வாசலில். மூன்றாவதைப் பெயர் அட்டையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"செடி பேர் கேட்டீங்களே டாக்டர்."

அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. தொட்டியை மேஜை மேல், மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கதவு வரை போனதும் மெல்லக் கூப்பிட்டார்.

"ஏன் சார், இது வெச்சா நிஜமாவே பணம் வருமா?"

"அது பேர் இல்ல டாக்டர், வேண்டுதல்" என்றேன்.